ஆறில்லாத ஊருக்கு எந்த மாசம் போவது?

பாளையங்கோட்டையில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் போன் பண்ணியிருந்தார். "பசங்களை ஒருநாள் உங்க பக்கம் கூட்டிட்டு வரணும். எட்டயபுரம், இடைசெவல், கழுகுமலை. எப்ப வந்தா நல்லா இருக்கும்?"

யோசிக்காமல் "டிசம்பர் 11" என்று சொல்லிவிட்டேன். பாரதி பிறந்தநாள், எட்டயபுரம் கலகலப்பாக இருக்கும். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. டிசம்பர் 11 என்றால் கார்த்திகை 25. நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்த வாரத்தில் எங்கள் தெருவில் பகலில் ஆளே இருக்காது. அம்மா உட்பட எல்லாப் பெண்களும் களைக்குப் போயிருப்பார்கள். ஊரே காட்டில் கிடக்கிற நாளில்தான் ஊரைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.

பழக்கதோஷம், ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்தேன். முதல் பத்தியில் தமிழ் மாதங்கள். இரண்டாவதில் கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டில் அந்த மாதம் என்ன வேலை நடக்கும் என்பது. மூன்றாவதில் நெல்லையிலும் சுற்றுவட்டாரத்திலும் நடக்கும் பண்பாட்டு நிகழ்ச்சிகள், சுற்றுலாக்கள். நிரப்பி முடித்ததும் தெரிந்தது: இரண்டாவது பத்தியும் மூன்றாவது பத்தியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை.

முதலில் நெல்லையின் நாட்காட்டியை எடுத்துக்கொள்வோம். அது தண்ணீரின் நாட்காட்டி. ஆனியில் நெல்லையப்பர் தேர். அதே சமயம் தென்மேற்குப் பருவக்காற்றில் குற்றாலச் சாரல் ஆரம்பித்துவிடும். சனி, ஞாயிறு என்றால் நகரமே அருவிக்குக் கிளம்பும். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரை. 2018 அக்டோபரில் தாமிரபரணி மகாபுஷ்கரம் நடந்தபோது படித்துறைகளில் நிற்க இடமில்லை. நெல்லையில் தொல்லியல் அருங்காட்சியகம் கட்டினார்கள், அதற்கும் பெயர் பொருநை. ஆற்றங்கரையில் இருக்கிற நகரம் ஆற்றை வைத்து வருஷத்தை எண்ணுவதில் தப்பு ஒன்றும் இல்லை.

2022-இல் தமிழ்நாடு அரசு இலக்கியத் திருவிழாக்களை அறிவித்தபோது வைத்த பெயர்களைப் பாருங்கள்: பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி, ஐந்தாவதாகச் சென்னை. நான்கு ஆறுகளும் ஒரு தலைநகரமும். பொருநை இலக்கியத் திருவிழா அந்த ஆண்டு நவம்பர் 26, 27 தேதிகளில் பாளையங்கோட்டையில் நடந்தது. அரசே எழுத்தாளர்களுக்கு மேடை போட்டது நல்ல விஷயம். ஆனால் இந்த வரைபடத்தில் கோவில்பட்டி எங்கே வருகிறது?

கோவில்பட்டிக்கு ஆறு கிடையாது. வடக்கே சாத்தூர் வழியாக விளாத்திகுளம் பக்கம் போகிற வைப்பாறு எங்கள் ஊரைத் தொடுவதில்லை. அதிலும் வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான் ஓடும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து கு. அழகிரிசாமி (1970), கி. ராஜநாராயணன் (1991), பூமணி (2014), சோ. தர்மன் (2019) என்று நான்கு பேர் சாகித்ய அகாடமி விருது வாங்கியிருக்கிறார்கள். இதில் முதல் இருவருக்கும் ஒரே ஊர், இடைசெவல். ஆறுகளின் பெயரால் இலக்கியத்தைப் பிரித்தால் இவர்கள் பொருநைக்குள்தான் அடைக்கப்படுவார்கள்.

"ஏன், நீங்க குடிக்கிறதே பொருநைத் தண்ணிதானே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயம்தான். சீவலப்பேரியிலிருந்து குழாயில்தான் கோவில்பட்டிக்குக் குடிநீர் வருகிறது. ஆனால் குழாயில் வருகிற ஆறு வேறு, கரையில் ஓடுகிற ஆறு வேறு. குழாய்த் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த ஊரின் எழுத்தும், படித்துறையில் இறங்கிக் குளித்த ஊரின் எழுத்தும் ஒரே மாதிரி இருக்காது. சோ. தர்மனின் 'சூல்' நாவலின் மையமே உருளைகுடிக் கண்மாய்தான். ஆற்றை யாரும் வெட்டவில்லை. கண்மாய் அப்படியல்ல. மனுஷன் வெட்டி, கரை போட்டு, தூர்வாரிக் காப்பாற்ற வேண்டியது. கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும். அந்தப் பயம் ஆற்றங்கரை நாவலில் இந்த அளவுக்கு வர வாய்ப்பில்லை.

பெயர்ப் பிரச்சினைக்காவது ஒரு விடை கிடைத்திருக்கிறது. பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் 'கரிசல்' என்ற பெயரிலேயே இலக்கியத் திருவிழா நடத்தியிருக்கிறார்கள். என் பெரிய புகார் பெயரைப் பற்றியது அல்ல, மாதத்தைப் பற்றியது.

கரிசல் வருஷம் எப்படி ஓடுகிறது என்று சொன்னால் இது விளங்கும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் எங்களுக்குக் காற்று மட்டும்தான். மழையை மேற்கு மலை வாங்கிக்கொண்டு புழுதியை எங்களுக்கு அனுப்பும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்ய வேண்டும். அதற்கு முன்னால், புரட்டாசியிலேயே, மழையை நம்பி வறண்ட புழுதியில் விதைப்பவர்கள் உண்டு. உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு, பருத்தி. கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். ஐப்பசி மழையில் அந்த வெடிப்பெல்லாம் மூடி, மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மார்கழிக்குப் பிறகு மழையே இல்லாவிட்டாலும் பருத்தி நிற்பது அந்த ஈரத்தில்தான். கோவில்பட்டியில் 1901-லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள் என்றால், இந்த மண்ணில் ஆராய அவ்வளவு இருந்திருக்கிறது.

கார்த்திகையில் களை. தையில் உளுந்தும் பாசியும் வீடு வரும், பின்னாலேயே சோளம். மாசியிலும் பங்குனியிலும் பருத்தி எடுப்பு. கையில் கொஞ்சம் காசு புழங்குவது அப்போதுதான். கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோவில் திருவிழா பங்குனியில் வருகிறது. அதன் பிறகு சித்திரை, வைகாசியில் ஊர் ஊராகக் கொடை. காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழா ஆகஸ்ட் 15, அதாவது ஆடிக் கடைசி. உலகம் முழுக்கக் கத்தோலிக்கர்களுக்கு அதே தேதிதான். ஆனால் விதைப்புக்கு முந்தின ஓய்வில் விழுவதால் இங்கே கரிசல் கிராமங்கள் குடும்பத்தோடு போய்ச் சேர முடிகிறது. வீரமாமுனிவர் ஊழியம் செய்த ஊர் அது. அம்மனோ மாதாவோ, கூட்டம் கூடுவது காட்டில் வேலை இல்லாத நாளில்தான்.

இப்போது மூன்றாவது பத்தியைப் பாருங்கள். கி.ரா. பிறந்தநாள் செப்டம்பர் 16, அழகிரிசாமிக்கு செப்டம்பர் 23. உழவும் விதைப்பும் நெருக்குகிற வாரங்கள். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட அக்டோபர் 16, புரட்டாசிக் கடைசி; எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். நவம்பர் 26, கார்த்திகை 10, முழுக் களைப் பருவம். டிசம்பர் 11-உம் அப்படித்தான். பிறப்பதையும் இறப்பதையும் யாரும் தேதி பார்த்துச் செய்வதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொருநைத் திருவிழா யாருடைய பிறந்தநாளும் இல்லை. அதன் தேதியை மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்தவர்கள் எந்த நாட்காட்டியைப் பார்த்திருப்பார்கள்? கரிசல் இலக்கியம் யாரைப் பற்றிப் பேசுகிறதோ, அவர்கள் வரவே முடியாத இரண்டு நாட்கள் அவை.

"களை வெட்டுகிறவர்கள் வேறு மாதத்தில் வைத்தால் மட்டும் வந்துவிடுவார்களா?" இந்தக் கேள்வியை என்னை நானே கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் வர மாட்டார்கள். ஆனால் பங்குனித் திருவிழா மேடையில் ராத்திரி பதினொரு மணிக்குப் பட்டிமன்றம் நடந்தால் என் அம்மா கடைசிவரை உட்கார்ந்து கேட்பாள், வீட்டுக்கு வந்து தீர்ப்பு தப்பு என்று சண்டையும் போடுவாள். கேட்கிற காது ஊரில் இருக்கிறது. கேட்க நேரம் இருக்கிற மாதம்தான் வேறு.

பார்வையாளர்களுக்கும் இதில் நஷ்டம் உண்டு. வழக்கமான ஒருநாள் சுற்றுலா எப்படி இருக்கும்? எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு. கல்கி முன்னின்று பொதுமக்களிடம் பணம் திரட்டிக் கட்டி, 1947-இல் ராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபம். நேரம் இருந்தால் முத்துசுவாமி தீட்சிதர் சமாதி, உமறுப்புலவர் நினைவிடம். மத்தியானம் கோவில்பட்டியில் சாப்பாடு, கடலை மிட்டாய், கி.ரா. நினைவரங்கம். சாயங்காலம் கழுகுமலையில் சமணச் சிற்பங்களும், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து பாதியில் நிறுத்திய வெட்டுவான் கோயிலும். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் பஸ்ஸில் வந்தவர்கள் ஏறி இறங்குவது சிமெண்டிலும் கல்லிலும் மட்டும். கார்த்திகையில் வந்தால் காட்டுக்குள் கால் வைக்கவும் முடியாது. கரிசல் சகதி செருப்போடு ஆளையும் பிடித்துக்கொள்ளும். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன் என்று சொல்லிக்கொண்ட, பிறகு கரிசல் வழக்குக்கு அகராதியே போட்ட ஒரு மனுஷனின் ஊருக்கு வந்து, மழையையும் பார்க்காமல் மண்ணையும் மிதிக்காமல் படத்தோடு செல்பி எடுத்துக்கொண்டு திரும்புகிறோம்.

கலைகளுக்கும் இதே கதி. ஜமீன் கோடாங்கிபட்டியில் தேவராட்டத்தை உருமிச் சத்தத்தோடு அதன் இடத்தில் பார்ப்பது ஒன்று; நகர மேடையில் விருந்தினர் வந்து சேரும் வரைக்கும் பத்து நிமிஷ வரவேற்பு நிகழ்ச்சியாகப் பார்ப்பது வேறொன்று. நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே தூய சவேரியார் கல்லூரியில் துறை வைத்திருக்கிற ஊர் பாளையங்கோட்டை. அங்கே களப்பணி செய்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்காது. தெரிந்தவர்களிடம் தேதி கேட்கலாமே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் கரிசல் திருவிழாக்களை அழகுபடுத்துவதாக ஆகிவிடும். கழுகுமலையில் 1895 பங்குனித் திருவிழாவின்போது நடந்தது கலவரம். எந்தத் தெருவில் யார் போகலாம் என்ற சண்டை உயிர்ப்பலியில் முடிந்தது. பூமணி 'அஞ்ஞாடி'யில் அந்தக் காலத்தை எடுத்துப் பேசுகிறார். கோவிலைப் பார்த்துவிட்டுத் தேரோடும் வீதியைப் பார்க்காமல் வந்தால் கழுகுமலை வெறும் சிற்பக்கூடமாகத்தான் தெரியும். அந்த வீதியில் நின்று அந்த நாவலைப் பற்றிப் பேச அரை மணி நேரம் போதும். நான் பார்த்த எந்தச் சுற்றுலாத் திட்டத்திலும் அந்த அரை மணி நேரம் இல்லை.

நண்பருக்கு மறுநாள் திரும்பப் பேசினேன். டிசம்பர் 11 வேண்டாம், இரண்டு தடவையாக வாருங்கள் என்றேன். முதல் தடவை புரட்டாசி ஆரம்பத்தில், இடைசெவலுக்கு. நாலுவழிச் சாலையில் இறங்கி ஏதாவது ஒரு காட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய் வெடிப்பைப் பார்க்கட்டும், மழை வருமா என்று அவரிடமே கேட்கட்டும். அடுத்த தடவை தை கடைசியில், அதே காட்டுக்கு. விளைந்திருந்தால் சந்தோஷம். விளையாவிட்டால் அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். கரிசல் இலக்கியத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. மணிமண்டபங்களை எந்தத் தடவை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், அவை எங்கும் போய்விடாது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தை கடைசியில எங்களுக்கு இன்டர்னல் எக்ஸாம் இருக்கே" என்றார்.

ஆக, இன்னொரு நாட்காட்டியும் இருக்கிறது. ஷீட்டில் நான்காவது பத்தி சேர்த்திருக்கிறேன்.