முட்டை பொரியாத கூண்டு

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கோடை விடுமுறை தொடங்கியதும் குருவிக் கூண்டுகள் கை மாறத் தொடங்கும். ஆட்சியர் அலுவலகம் இங்கே இருப்பதால் சுற்றுவட்டத் தெருக்களில் அரசு ஊழியர் குடும்பங்கள் அதிகம். இடமாற்ற உத்தரவு வந்தால் பாத்திர பண்டங்கள் லாரியில் ஏறும்; கூண்டு மட்டும் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். பிள்ளைக்கு அலுத்துவிட்டது, புது வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, பாட்டிக்கு மூச்சிரைப்பு என்று காரணங்கள் பலவிதம். உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஜீப்ரா ஃபின்ச்சுகள். சிவந்த அலகும், ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டும், பன்னிரண்டு கிராம் எடையும் கொண்ட பொடிக் குருவிகள்.

இப்படிக் கைவிடப்பட்டவற்றை வாங்கி வைத்துப் பார்த்துக்கொள்வது நல்ல காரியம். அதை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் அந்தக் காரியத்தை அளக்க நாம் வைத்திருக்கும் கோல் சரியில்லை. எத்தனை குருவிகளைக் காப்பாற்றினோம் என்று எண்ணுகிறோமே தவிர, காப்பாற்றிய கூண்டுக்குள் அதன்பின் எத்தனை பொரிந்தன என்று யாரும் எண்ணுவதில்லை. வீட்டில் குஞ்சு பொரித்ததைப் பராமரிப்புக்குக் கிடைத்த நற்சான்றாகவே எடுத்துக்கொள்கிறோம். இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய கோளாறு அங்கேதான் இருக்கிறது.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். வாசலுக்கு வந்த உயிரைத் திருப்பி அனுப்பாத குணம் திருவண்ணாமலைக்குப் பழையது. ரமணாசிரமத்தில் பசு லட்சுமி, மான் வள்ளி, நாய் ஜாக்கி ஆகியவற்றுக்குச் சமாதிகள் இருக்கின்றன. ஒரு காகத்துக்குக்கூட இருக்கிறது. லட்சுமி இறந்த 1948 ஜூன் 18-ஆம் தேதியை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரு விலங்கைக் கூட்டத்தில் ஒன்றாகப் பார்க்காமல், பேர் சொல்லி, முகம் பார்த்துப் பழகும் மனம் அது. கடையில் ஜோடிக் கணக்கில் விற்கப்பட்ட குருவிக்கு முதன்முறையாக ஓர் ஆள் கிடைப்பது இந்த மனம் உள்ள வீட்டில்தான். நகம் வளர்ந்து கம்பியில் மாட்டியிருப்பதையும், ஒன்று மற்றொன்றின் முதுகு இறகைப் பிடுங்கி வழுக்கையாக்கியிருப்பதையும் கவனிக்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண் இந்த ஊரில் இருக்கிறது.

ஆனால் பசுவுக்கும் மானுக்கும் போதுமாக இருந்த கருணை ஃபின்ச்சுக்குப் போதாது. காரணம் அதன் உடம்பில் இருக்கிறது.

ஜீப்ரா ஃபின்ச்சின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து புல் விதை பிடித்தால் உடனே கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சைப் பறக்கவிட்டுவிட வேண்டும். அடுத்த மழை எப்போதோ. நாலைந்து முட்டை, இரண்டு வாரத்துக்குள் பொரிப்பு, மூன்று வாரத்தில் குஞ்சு கூட்டை விட்டு வெளியேறும், மூன்று மாதத்துக்குள் அந்தக் குஞ்சே ஜோடி சேரத் தயார். அந்த நிலத்துக்கு ஏற்ற வேகம் இது. இப்போது நம் திண்ணைக் கூண்டைப் பாருங்கள். தினமும் கிண்ணம் நிறையத் தினை, தினமும் புதுத் தண்ணீர், மூலையில் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த மண் கலயம், அதற்குள் தேங்காய் நார். நாம் அன்பாகச் செய்யும் ஒவ்வொன்றும் அந்த உடம்புக்கு மழை வந்துவிட்டது என்றே சொல்கிறது. அந்த மழை வருஷம் முழுக்க ஓய்வதே இல்லை. மூன்று ஈடு, ஈட்டுக்கு நான்கு குஞ்சு என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும், மீட்ட ஒரு ஜோடி ஓராண்டில் பன்னிரண்டைத் தரும்.

அந்தப் பன்னிரண்டு எங்கே போகும்? இரண்டு சித்தி வீட்டுக்கு, இரண்டு பிள்ளையின் டீச்சருக்கு. மீதியைத் தினைக் காசாவது வரட்டும் என்று குருவிக் கடையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். கடைக்காரர் அவற்றை இன்னொரு குடும்பத்துக்கு விற்பார். அந்தக் குடும்பம் இரண்டு வருஷத்தில் இடம் மாறும். மீட்பு என்று தொடங்கியது, கடைக்குச் சரக்கு தரும் பண்ணையாக முடிகிறது. செய்கிறவர் மனத்தில் துளி கள்ளம் கிடையாது. அதனால்தான் இதைக் குற்றச்சாட்டாக வைக்காமல் கணக்காக வைக்கிறேன்.

தாய்க் குருவி கொடுக்கும் விலை தனி. விதை மட்டுமே தின்று ஈடு ஈடாக முட்டையிடும் குருவிக்கு எலும்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து கரைந்துபோகும். ஒரு நாள் காலை அது குச்சியில் இருக்காது. கூண்டின் தரையில், உடம்பை உப்பிக்கொண்டு, கண் பாதி மூடி, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்க உட்கார்ந்திருக்கும். முட்டை வழியில் அடைத்துக்கொண்டிருக்கிறது. இதமான சூடும் சுண்ணாம்புச் சத்தும் சில மணி நேரத்துக்குள் கிடைத்தால் பிழைக்கலாம். மாலை அலுவலகத்திலிருந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பெரும்பாலும் பிழைக்காது.

தீர்வு எளிது, அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்துவதுதான் கடினம். கலயத்தை எடுத்துவிட வேண்டும். கலயம் இல்லாவிட்டால் ஃபின்ச் குச்சியிலேயே தூங்கும். கூடு இல்லாமல் அதற்குத் தூக்கமே வராது என்று நினைப்பது நம் கற்பனை. நார், பஞ்சு, காய்ந்த புல் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஆண்கள் மட்டும் கொண்ட கூட்டமாக வைக்க முடிந்தால் மிக நல்லது. பாட்டும் சலசலப்பும் குறையாது. ஜோடியாகவே வந்தவற்றைப் பிரிக்க மனம் வராவிட்டால் பிரிக்க வேண்டியதில்லை. தீனிக் கிண்ணத்திலாவது முட்டையிடும்; அதைத் தூக்கி எறிந்தால் ஈடு செய்ய மறுபடியும் இடும். எனவே அன்றன்றே முட்டையை வேகவைத்து, ஆறியதும் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். அடைகாத்து அலுத்து, தானாக எழுந்துபோகும்.

இதைச் சொன்னதும் எழும் ஆட்சேபம் நியாயமானது. குஞ்சு வளர்க்கும் ஆசையை ஓர் உயிரிடமிருந்து பறிக்க நாம் யார்? பறிக்கிறோம் என்பது உண்மைதான். ஃபின்ச் ஜோடி ஒன்றையொன்று நெடுநாள் விட்டுப் பிரியாது; கூடு கட்டுவது அதன் நாளில் பெரும்பகுதி. ஆனால் தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்தே கூண்டில் பிறந்து, கூண்டைத் தவிர போக்கிடம் இல்லாத இனத்துக்கு மேலும் பன்னிரண்டு பேரைச் சேர்ப்பது அதைவிடப் பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பறவைகளை வியாபாரத்துக்காக உயிரோடு ஏற்றுமதி செய்வதை 1960-லேயே நிறுத்திவிட்டது. இன்று நம் தெருவில் கத்தும் ஜீப்ரா ஃபின்ச்சுகள் தலைமுறை தலைமுறையாகக் கம்பிக்குப் பின்னால் பிறந்தவை. பிறந்தநாளுக்கும் தீபத்துக்கும் புண்ணியம் என்று அவற்றைப் பறக்கவிடுகிறவர்கள் காக்கைக்கும் வல்லூறுக்கும்தான் படி அளக்கிறார்கள்.

இந்த இடத்தில் இன்னொரு குருவியைப் பிரித்துப் பேசியாக வேண்டும். புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை, வெண்தொண்டைச் சில்லை, சிவப்புச் சில்லை எல்லாம் நம் மண்ணின் பறவைகள். ஏரிக்கரைப் புல்லிலும் நெல் வயலிலும் கூட்டமாக இறங்கி ஏறும். தூக்கணாங்குருவி விட்டுப்போன கூட்டில் வெண்தொண்டைச் சில்லை குடித்தனம் நடத்துவதை ஏரிப் பக்கம் நடப்பவர்கள் பார்த்திருக்கலாம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இவற்றுக்கும் பொருந்தும். நாட்டுப் பறவைகளின் வியாபாரம் முழுவதும் 1991 திருத்தத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்பதைப் பறவை ஆய்வாளர் அப்ரார் அகமது 1990-களில் இந்தியச் சந்தைகளை அலைந்து திரிந்து பதிவு செய்தார். வலையில் பிடித்த சில்லைகளுக்குச் சாயம் ஏற்றி விற்கும் தந்திரத்தையும் அவர் வெளியே கொண்டுவந்தார்.

இரண்டு குருவிக்கும் நம் கடமை நேர் எதிரானது. ஃபின்ச் கூண்டில் இருந்தாக வேண்டும். சில்லை கூண்டை விட்டுப் போயாக வேண்டும். நம் ஊர் மீட்பர்கள் செய்யும் பெரும் தவறு இரண்டையும் ஒரே கூண்டில் போடுவது. இடம் மிச்சம், தீனியும் ஒன்றுதான். ஆனால் கடையிலிருந்து வந்த குருவியின் பேனும் மூச்சுக்குழாய்ச் செள்ளும் காட்டுக் குருவிக்கு ஏறும். அது வெளியே போகும்போது அவற்றையும் கொண்டுபோகும். எந்தக் குருவி வந்தாலும் முதல் முப்பது நாள் தனிக் கூண்டு, தனித் தண்ணீர்க் கிண்ணம் என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது. சில்லையானால் அன்றே வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். சாயம் பூசியதை அந்த நிறத்தோடேயே விடுவது ஆபத்து. கூட்டத்தில் அது மட்டும் பருந்தின் கண்ணில் படும். இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும்வரை பொறுத்து, தன் இனம் மேயும் இடத்தில், காலை வேளையில் விட வேண்டும்.

பயத்தால் இதை மறைக்கிறவர்கள் உண்டு. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று சில்லையை உள் அறையில் வைத்து மாதக்கணக்கில் வளர்ப்பார்கள். காப்பாற்றியவரைக் குற்றவாளியாக நடத்தாமல் பறவையைப் பெற்றுக்கொள்ளும் ஓர் எளிய முறையை மாவட்ட நிர்வாகம் அறிவித்தாலே பாதிச் சில்லைகள் வெளியே வரும்.

கூண்டே கூடாது என்ற வாதம் நீதிமன்றத்திலும் எடுபட்டிருக்கிறது. 2015 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் பறவைகளுக்கு வானில் பறக்கும் அடிப்படை உரிமை உண்டு என்றது. சில்லைக்கு இதன் பொருள் வெளிப்படை. ஃபின்ச்சுக்கு? வானத்தைக் கொடுத்தால் செத்துப்போகும் பறவைக்கு நாம் கொடுக்க முடிவது பறக்கும் தூரம். 1960-இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், அசையப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் அடைப்பதைக் கொடுமை என்றே சொல்கிறது. ஃபின்ச் கிளி மாதிரி ஏறி இறங்காது. இடம் வலமாகப் பறக்கும். உயரமான, கோபுரம் வைத்த வட்டக் கூண்டு பார்க்க அழகு, உள்ளே இருப்பதற்கு அது தண்டனை. ஆறடி நீளச் சட்டத்தில் அரை அங்குலக் கண் வலையடித்து, இரு கோடியிலும் வேப்பங்குச்சியோ கொய்யாக் குச்சியோ பருமன் மாற்றிக் கட்டினால் நடுவில் சிறகடிக்க இடம் கிடைக்கும். புது ஜி.ஐ. வலையை வினிகர் தேய்த்துக் கழுவிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். அதன் துத்தநாகம் குருவிக்கு நஞ்சு. கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தாவிட்டால் ஒரே இரவில் எறும்பு குஞ்சையும் நோயாளியையும் முடித்துவிடும்.

வெயிலைப் பற்றி ஒரு தவறான தைரியம் நிலவுகிறது. வறண்ட நாட்டுப் பறவை, திருவண்ணாமலை வெயில் என்ன செய்யும் என்கிறார்கள். வெப்பம் அதற்குத் தெரியும், உண்மை. வெயில் ஏறும்போது ஜீப்ரா ஃபின்ச் பெற்றோர் முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்குத் தனி ஒலி எழுப்புவதையும், அதைக் கேட்ட குஞ்சு உடல் சிறுத்து வளர்வதையும் 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆனால் அங்கே அது நிழல் தேடிப் போகலாம். மாடியில் தகரக் கூரைக்கடியில் தொங்கும் கூண்டில் போக இடமில்லை. வாய் திறந்து, சிறகை உடம்பிலிருந்து விலக்கி நின்றால் அது அனல் தாங்காமல் தவிக்கிறது. கூண்டைக் கிழக்குத் திண்ணைக்கு இறக்கி, குளிக்க ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைப்பது போதும்.

தீனியில் இந்த மாவட்டத்துக்கு ஒரு வசதி. ஜவ்வாது மலைச் சாமையும் தினையும் கையெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. குதிரைவாலியும் கலந்து, பாதியை முளைகட்டி, முருங்கைக்கீரை கொஞ்சம், நாட்டு மருந்துக் கடைக் கடல் நுரை ஒரு துண்டு கட்டித் தொங்கவிட்டால் கடையில் விற்கும் பாக்கெட் எதுவும் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபின்ச் விதையை உடைத்து உள்ளிருக்கும் பருப்பைத் தின்று உமியை அதே கிண்ணத்தில் போடும். மேலாகப் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். ஒரு ஊது ஊதினால் எல்லாம் பறந்து அடியில் பத்து மணிகூட இருக்காது. நிறைந்த கிண்ணத்தின் முன்னால் பட்டினியால் சாகும் குருவிகள் உண்டு. இவ்வளவு சின்ன உடம்பு ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது.

பரிதாபப்பட்டுக் கடையில் விலைக்கு வாங்கி அதை மீட்பு என்று சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. நோஞ்சானாக ஒரு ஜோடி நிற்கிறது, மனம் கேட்கவில்லை, பணம் கொடுத்துத் தூக்கி வருகிறோம். காலியான இடத்தில் அடுத்த வாரமே வேறு ஜோடி நிற்கும். 2018-இன் செல்லப்பிராணிக் கடை விதிகள் பதிவு, இடவசதி, சிகிச்சை எல்லாம் கேட்கின்றன. அந்தக் காசை வைத்துக்கொண்டு ஒரு மனு எழுதினால் கடையில் மிச்சமிருக்கும் குருவிகளுக்கும் பயன் உண்டு.

கடைசியாக வைத்தியம். கால்நடை மருத்துவமனைகளில் நாள் முழுக்க மாடும் ஆடும் கோழியும் வந்துகொண்டிருக்கும். பன்னிரண்டு கிராம் பறவைக்கு மருந்தின் அளவு சொல்லப் பழகியவர்கள் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில்தான் எளிதில் கிடைப்பார்கள். ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் தூரத்தைத் தாங்கும் குருவி நோயாளியே அல்ல. ஆகவே பெருகவிடாமல் வைத்திருப்பது வைத்தியக் கேள்வியாகவும் ஆகிறது: நான்கு குருவி உள்ள வீட்டில் எது உப்பி உட்கார்ந்திருக்கிறது என்று காலையிலேயே தெரியும், நாற்பது உள்ள வீட்டில் மறுநாள் கூண்டைக் கூட்டும்போதுதான் தெரியும். இடம் மாறிப் போகிறவரிடம் கூண்டை வாங்கும்போதே கலயத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.