மிச்சமாகும் நேரம் எங்கே போகவேண்டும்?

திருவொற்றியூரில் கடலை ஒட்டி ஒரு சரக்குக் கிடங்கு வருவதாக வைத்துக்கொள்வோம். நீள அகலத்தையும் பாரத்தையும் சொன்னால், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில நிமிடங்களில் பல மாதிரிகளைத் தருகின்றன. எதில் இரும்பு குறையும், எதில் அஸ்திவாரச் செலவு கூடும் என்றும் ஒப்பிட்டுக் காட்டுகின்றன. நேரமில்லாமல் ஒன்றிரண்டு மாதிரிகளோடு நின்றுவிடும் சிறிய டிசைன் அலுவலகங்களுக்கு இது பெரிய ஆதாயம்.

இடத்தைப் பற்றிய கேள்வியில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஐ.எஸ். 456:2000 விதிப்படி, கடலோரச் சூழலில் திறந்திருக்கும் கான்கிரீட்டுக்கு எம்30 தரமும் கம்பியை மூடும் கான்கிரீட் படலம் (கவர்) 45 மி.மீ. தடிமனும் வேண்டும். கடல்நீர்த் திவலையோ அரிக்கும் புகையோ படுமானால் எம்35, 50 மி.மீ. பக்கத்து எண்ணூரில் அலையும் உண்டு, ஆலைப் புகையும் உண்டு. குறிப்பிட்ட ஒரு மனை எந்த வகையில் சேரும் என்பதைச் சைட்டைப் பார்த்தவர்தான் சொல்லமுடியும். வெறுமனே 'சென்னை' என்று உள்ளிட்டால், ராயபுரத்துக்கும் தியாகராய நகருக்கும் ஒரே விடை வரக்கூடும். அந்தப் பிழை வரைபடத்தில் கண்ணுக்குப் படாது. உப்பு உள்ளே இறங்கி, கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட் பிளந்து உதிரும்போதுதான் தெரியும்.

அதற்காகக் கருவியை ஒதுக்கிவிட்டால் தீருமா? 2014இல் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். செயற்கை நுண்ணறிவு இல்லாமல் போடும் கணக்கிலும் உயிர்கள் போகின்றன. சரிபார்க்க இரண்டாவது கண் ஒன்று கட்டாயம் வேண்டும். ஆனால் கணினியைக் கண்ணை மூடி நம்பினாலும் ஆபத்துதான். நார்வேயில் 1991இல் ஸ்லைப்னர் ஏ எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளம் மூழ்கியதற்கு, கணினிப் பகுப்பாய்வு வெட்டு விசையை 47 விழுக்காடு குறைத்துக் காட்டியது ஒரு முக்கியக் காரணம். விபத்துக்குப் பின் கவனமாகச் செய்த பகுப்பாய்வு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். இரண்டு முறையும் கணக்குப் போட்டது கணினிதான். வித்தியாசம் அதைப் பயன்படுத்தியவர்களின் கவனத்தில் இருந்தது.

ஆகவே வரிசை முக்கியம். சூழல் வகையையும் மண் பரிசோதனை முடிவையும் பொறியாளர் முதலில் தீர்மானிக்கட்டும். முக்கியமான தூண்களுக்கேனும் கையால் ஒரு கணக்குப் போடட்டும். பிறகு மாற்று மாதிரிகளுக்கும் விடுபட்டவற்றைத் தேடவும் கருவியைக் கூப்பிடட்டும். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் பொறுப்பைச் சுமத்துவது பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர்மீது, மென்பொருள்மீது அல்ல.

கருவி மிச்சப்படுத்தும் நேரத்தை இன்னும் நாலு வேலை பிடிப்பதில் செலவிட்டால், தவறுகளையும் வேகமாகப் பெருக்குவோம். அந்த நேரம் சைட்டுக்குப் போகவும், இளம் பொறியாளர்களுக்குக் கையால் சரிபார்க்கக் கற்றுக்கொடுக்கவும் போகவேண்டும்.