காக்காய்ப்பொன் சித்திரங்கள்

பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டைமேல் நின்றபோது எனக்குப் போரைவிடச் சித்திரக்காரர்கள் ஞாபகம்தான் வந்தது. 1751-இல் இந்தப் பக்கத்தில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம், முகமது அலியும் இங்கிலீஷ்காரரும் மறுபுறமாக மோதிக்கொண்டார்கள். யார் ஜெயித்தாலும் கடைசியில் தோற்றவை அரண்மனைகள். 1799-இல் தஞ்சை ராஜ்யம் கம்பெனியின் கைக்குப் போயிற்று. சரபோஜிக்குக் கோட்டையும் சுற்றுப்புறமுமே மிஞ்சின. பலகையில் பொன் ரேக்கு ஒட்டிக் கிருஷ்ணனை எழுதிய கைகளில் சில, துரைமாருக்காகக் காகிதத்தில் குயவரையும் அவர் மனைவியையும் ஜோடி ஜோடியாக எழுத ஆரம்பித்தன. பெரம்பலூரும் அரியலூரும் சேர்ந்திருந்த பழைய திருச்சி ஜில்லாவில், திருச்சியிலேயே, இம்மாதிரிப் படங்களை அப்பிரகத் தகட்டில் எழுதி விற்றார்கள். காக்காய்ப்பொன் என்கிறோமே, அதுதான்.

வீழ்ச்சி என்று ஒரே வார்த்தையில் இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். சுவாமியும் ராஜாவும் நின்ற நடு இடத்தில் சட்டியும் பானையுமாக ஓர் ஏழை வந்து நின்றது சின்னக் காரியமா? ஆனால் அவனுக்குப் பேர் கிடையாது. ஜாதியைத்தான் கீழே எழுதியிருக்கிறது. காலடியில் நிழல் போடச் சொன்ன துரை, ஆளை யாரென்று விசாரிக்கவில்லை.

அப்படியும் சில படங்களில் அந்தப் பெண் ஓரக்கண்ணால் புருஷனைப் பார்க்கிறாள். அதைத் துரை கேட்டிருக்கமாட்டார்.