நிறுத்தத் தெரிந்த கை

1968 பிப்ரவரியில் லண்டனின் புளூ ஹொரைசன் நிறுவனம் கொண்டுவந்த, ஒரு பிரிட்டிஷ் ப்ளூஸ் குழுவின் முதல் ஆல்பத்தை, அட்டையில் சந்தும் குப்பைத்தொட்டியும் நாயுமாக இருக்குமே, அதை ப்ளூஸ் ராக் பிரியர்கள் கேட்காமல் இருக்க வழியில்லை. அத்தனை கேட்டும் அதன் முதன்மை கிட்டார்காரரைத் தப்பாகவே எடை போடுகிறார்கள். அடக்கமான வாசிப்பாம், வேகம் போதாதாம். என் கட்சி வேறு. பிரிட்டிஷ் ப்ளூஸ் அலையில் வந்தவர்களில் மிகத் துணிச்சலான கை அவருடையதுதான். எந்த இடத்தில் நிறுத்துவது என்ற ஒரே கேள்விக்குத்தான் தன் பங்குக்கு வந்த பாட்டுகளில் அவர் திரும்பத் திரும்பப் பதில் சொல்கிறார்.

ப்ளூஸ் பாட்டின் கணக்கு பன்னிரண்டு பார். நான்கு நான்காக மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் குரல் ஏறக்குறைய இரண்டு பாரில் அடங்கிவிடும். மிச்சம் கிட்டாருக்கு. இடம் கிடைத்ததும் தெரிந்ததையெல்லாம் கொட்டத்தான் எந்த வாசிப்பவருக்கும் கை பரபரக்கும். இவர் சில சுரங்களோடு நின்றுகொள்கிறார். கம்பியை விரலால் வளைத்து, சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் ஒலியை நிறுத்தி, கையை எடுத்துவிடுகிறார். டிரம்மும் பேஸும் மட்டும் நடக்கின்றன. அடுத்த வரியை அவர் பாட வரும்போது நம் காது அதற்காகக் காத்திருக்கிறது. காவிரிக்கரையில், மோகனூர்க் கோயில் விழாக்களில் நாகசுரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது விளங்காத வித்தையல்ல. உதட்டாலும் மூச்சாலும் ஒரு பிடியை இழைத்து வித்வான் விடும் இடத்தில், நல்ல தவில்காரர் உடனே உருட்டுச்சொல்லை அள்ளிப் போடமாட்டார். அந்தப் பிடி கேட்பவர் மனதில் இறங்கட்டும் என்று விடுவார்.

வேகம் வராததால்தான் நிறுத்தினார் என்பது முதல் ஆட்சேபம். அதற்கு ஆதாரம் நிற்காது. 1967இல் வேறொரு குழுவின் ஆல்பத்தில், விரல் ஓட்டம் கேட்கும் கருவியிசை ஒன்றை அவர் அனாயாசமாக வாசித்திருக்கிறார். முடிந்தும் செய்யாமல் விட்டதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இரவல் இசைதானே என்பது அடுத்த ஆட்சேபம். இதில் பாதி உண்மை. மிசிசிப்பியிலும் சிகாகோவிலும் கறுப்பினக் கலைஞர்கள் வடித்த வடிவம் இது. அவர்களில் பலருக்கு உரிய பணமும் பெயரும் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. அந்தக் கடனை மறைத்து இந்த ஆல்பத்தைப் புகழ்வது நியாயமாகாது. ஆனால் இரவல் வாங்குபவர் முதலில் எடுப்பது வேகத்தையும் அலங்காரத்தையும். மௌனத்தை அப்படி நகலெடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் தானே முடிவெடுத்தாக வேண்டும். ஆல்பத்தின் பன்னிரண்டு பாட்டுகளில் பாதியின் முன்வரிசையைச் சக கிட்டார்காரருக்கு விட்டுக்கொடுத்ததும் அதே மனசுதான். சத்தத்தைக் கூட்டினால்தான் கூட்டம் நிற்கும் என்பவர்களுக்கு ஒரே பதில்: இந்த ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது.

இனி நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். நாமக்கல், சேலம் பக்கத் திருவிழாக்களில் உருமிக்கும் பம்பைக்கும் பக்கத்தில் கீபோர்டு வந்து உட்கார்ந்துவிட்டது. எலெக்ட்ரிக் கிட்டாரும் வரும். முதல் சில வருடங்கள் வேகத்துக்குத்தான் கைதட்டல். செல்போனில் அரை நிமிடம் ஓடும் காணொளிக்கு அது தோதானது. எல்லாரும் ஒரே வேகத்தில் வாசிக்கத் தொடங்கியதும் ஒருவரை ஒருவர் பிரித்தறிய முடியாமல் போகும். அப்போது இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குழுவின் முதல் ஆல்பம் வரும். அதில் உருமி உறுமி முடிந்தபின் உடனே பாயாமல் பொறுத்து ஒரு சுரத்தை வைக்கும் கிட்டார்காரர் இருப்பார். அவரையும் முதலில் வேகம் போதாது என்றே எழுதுவார்கள். பத்து வருடம் கழித்துக் கேட்கப்படுவது அவருடைய ஆல்பமாகத்தான் இருக்கும்.