ஊகிக்காத கருவி

விரிதாளில் உள்ள தரவைக் கட்டளைவரி மூலம் தரவுத்தளத்தில் ஏற்றுவது பார்வைக்குச் சின்ன வேலை. கறுப்புத் திரையில் நாலைந்து கட்டளைகள் தட்டினால் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்தக் கட்டளைகளுக்கு முன்னும் பின்னும் காட்டும் கவனத்தில்தான் இதன் நயம் இருக்கிறது. எண்போலத் தெரிவதை எக்செல் எண்ணாக்கும், தேதிபோலத் தெரிவதைத் தேதியாக்கும். 007 என்ற கிணற்று எண் 7 ஆகிவிடும். நல்ல கட்டளைவரிக் கருவி இப்படி ஊகிப்பதில்லை. சொன்னதைச் செய்யும், முடியாவிட்டால் எந்த வரியில் முடியவில்லை என்று சொல்லும்.

இதன் அருமை நெய்வேலியில் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த அந்த நிலத்தில், பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்ட நீர்த்தாங்கி இருக்கிறது. மேல்மண்ணை அகற்றியதும் அந்த நீர் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு மேலெழக்கூடும். அதனால் ஆழ்துளைக் கிணறுகள் வழியே இரவும் பகலும் நீர் இறைக்கப்படுகிறது. அழுத்தம் அடங்கியிருக்கிறதா என்பதைக் கிணறுகளின் நீர்மட்டமே காட்டும். அத்தகைய அளவீடு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கிணற்று எண், ஊர், தேதி, தரையிலிருந்து நீர்மட்ட ஆழம், குறிப்பு என ஐந்து நெடுவரிசை கொண்ட எக்செல் தாள் அது. ஏற்றும் கருவி, ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட எஸ்கியூலைட். இதற்குத் தனி சர்வர் தேவையில்லை; முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்கும்.

முதல் வேலை, தாளைக் காற்புள்ளியால் கட்டங்களைப் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பாக மாற்றுவது. அலங்காரத் தலைப்பு, இணைத்த கட்டங்கள், அடியில் உள்ள கூட்டுத்தொகை ஆகியவற்றை நீக்கி, யுடிஎஃப்-8 வடிவில் சேமிக்க வேண்டும். மந்தாரக்குப்பம், வடலூர் என்ற ஊர்ப்பெயர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தால், கோப்பில் இருப்பவை வெறும் ஆங்கில எழுத்துகளே. அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். வரிகள் விடுபடவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்: பழைய எக்செல் வடிவில் ஒரு தாள் 65,536 வரிகள்தான் கொள்ளும். 2020-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா நோயாளிகளின் விவரம் கணக்கில் சேராமல் போனதற்கு இந்த வரம்பே காரணம். சிஎஸ்வி உருவான பிறகு அதை மறுபடி எக்செலில் திறக்கக் கூடாது; திறந்து சேமித்தால் பழைய ஊகங்கள் திரும்பி வந்துவிடும்.

அடுத்தது இடைநிலை அட்டவணை. ஐந்து நெடுவரிசைகளையும் வெறும் உரை வகையாக அறிவித்து, ‘மோட்’ கட்டளையில் சிஎஸ்வி என்று சொல்லி, தலைப்பு வரியைத் தாண்டும்படி ‘இம்போர்ட்’ கட்டளை கொடுக்க வேண்டும். வந்ததை வந்தபடி வாங்கி வைப்பதே இந்தக் கட்டத்தின் அழகு. 007 இங்கே 007 ஆகவே நிற்கும். கையால் தட்டிய கோப்பொன்றில் ‘மோட்டார் பழுது, அளக்கவில்லை’ என்ற குறிப்பு மேற்கோள் குறியின்றி இருந்தால், நடுவில் உள்ள காற்புள்ளி அதை இரண்டாகப் பிரித்துவிடும். உடனே கருவி, 213-ஆம் வரியில் எதிர்பார்த்தது 5 நெடுவரிசை, இருப்பது 6, மிகுதி விடப்பட்டது என்று அறிவிக்கும். பிழை எங்கே என்று தேடும் வேலையே இல்லை.

பிறகு சரிபார்ப்பு. தலைப்பு நீங்கலாகக் கோப்பின் வரி எண்ணிக்கையும் அட்டவணையின் வரி எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். 03/04/2023 என்பது இந்திய வழக்கில் ஏப்ரல் 3, அமெரிக்க வழக்கில் மார்ச் 4. ஆகவே எல்லாத் தேதிகளையும் ஆண்டு-மாதம்-நாள் வரிசைக்கு மாற்ற வேண்டும். அப்போதுதான் உரையாக அடுக்கினாலும் காலவரிசை பிசகாது.

இந்தக் கலையின் நுட்பமான இடம் வெற்றுக் கட்டம். அளக்காத நாளின் கட்டம் எஸ்கியூலைட்டில் வெற்று உரையாக நுழைகிறது. அதை அப்படியே எண்ணாக மாற்றினால் 0 ஆகிவிடும். ஆழம் 0 என்றால் நீர் தரைமட்டத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். அளக்காத ஒரு நாள், சுரங்கத்தின் அபாய நாளாகப் பதிவாகிவிடும். ஏற்றுபவர் வெற்று உரையை முதலில் ‘நல்’, அதாவது மதிப்பே இல்லை என்ற குறி, ஆக்கிவிட்டுப் பிறகுதான் எண்ணாக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தளக் கருவியோ, சிஎஸ்வியில் மேற்கோள் இல்லாத வெற்றிடத்தைத் தானே ‘நல்’ என்று எடுத்துக்கொள்ளும். கருவிக்குக் கருவி மாறும் இந்த வழக்கத்தைத் தெரிந்து வைத்திருப்பதே கைதேர்ந்தவரின் அடையாளம்.

கடைசியாக, நிலையான அட்டவணைக்கு மாற்றம். கிணற்று எண்ணும் தேதியும் சேர்ந்தே முதன்மைத் திறவுகோல், அதாவது இருமுறை வரக் கூடாத அடையாளம், என்று விதித்து, ஒரே கட்டளையில் அனைத்தையும் மாற்றினால், ஒரு வரி இருமுறை வந்திருந்தாலும் அந்தக் கட்டளை முழுவதும் நின்றுவிடும். ஒரு வரிகூட உள்ளே போகாது. அரைகுறையாக ஏறிய தரவைத் துப்புரவாக்கும் தொல்லை இல்லை.

இத்தனை கட்டளைகளையும் ஒரு கோப்பில் எழுதி வைத்தால், அடுத்த மாதத் தாளுக்கும் அதே முறை பொருந்தும். சுட்டெலியால் செய்த வேலை தடயமில்லாமல் போய்விடும். எழுதிய கட்டளை, என்ன செய்யப்பட்டது என்பதற்குச் சாட்சியாக இருக்கும். மூலத்தாளைக் கைபடாமல் பாதுகாத்து, கட்டளைக் கோப்பையும் உடன் வைத்தால், தரவுத்தளத்தின் எந்த எண்ணையும் அது புறப்பட்ட கட்டம் வரை தேடிப்போய்ச் சரிபார்த்துவிடலாம்.