சோதனை நூல்களின் உரைநடை

ஐரோப்பிய அறிவியலின் எழுச்சியைப் பற்றி எழுதுவோர் பலர் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கூறுவர். இடைக்கால அறிஞர் ஏட்டை விரித்துக் கண்ணை மூடியிருந்தனர். 17ஆம் நூற்றாண்டினர் ஏட்டை மூடிக் கண்ணைத் திறந்தனர் என்பது அக்கதை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. பூண்டு பட்டால் காந்தக்கல் இரும்பை ஈர்க்கும் ஆற்றலை இழந்துவிடும் என்று பழைய நூலோர் பலர் எழுதிவைத்தனர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தாண்டாரேயன்றிப் பூண்டைக் கையிலெடுத்துக் காந்தத்தில் தேய்த்துப் பார்த்தவர் அரியர். இத்தாலியராகிய போர்த்தா, பூண்டு தின்று காந்தத்தின்மேல் மூச்சுவிட்டும், அதன் சாற்றைக் கல் முழுதும் பூசியும் ஆற்றல் சிறிதும் குறையவில்லை என 1589இல் எழுதினார். ஆங்கிலேய மருத்துவராகிய கில்பர்ட்டு 1600இல் வெளியிட்ட காந்த நூலிலும் அக்கூற்றை மறுத்தார். தாம் கண்டறிந்தவற்றுக்கு நேரே ஓரத்தில் உடுக்குறி இட்டு, சிறப்புடையதற்குப் பெரிய குறியும் ஏனையதற்குச் சிறிய குறியும் அமைத்தார். கண்டதையும் கேட்டதையும் பிரித்துக் காட்டும் இவ்வொழுங்கு புதியது.

எனினும் மேற்கூறிய கதை ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. ஒருவர் ஓர் அறையில் ஓர் இரவில் கண்டது, அங்கில்லாத பிறர்க்கு எவ்வாறு அறிவாகும்? அவர் எழுதினால்தான் ஆகும். நம் அளவை நூலார் வகுத்த சொற்களால் கூறுவதாயின், ஒருவர்க்குக் காண்டலாய் இருந்தது ஏனையோர்க்கு உரையாகவே சென்று சேர்கிறது. (அவ்வளவை நூல்களிலேயே ஐரோப்பியரின் சோதனை நெறி அடங்கிக் கிடந்தது என்று வாதிடுதல் என் நோக்கமன்று, அவ்வாறு வாதிடுவோரோடு எனக்கு உடன்பாடும் இல்லை. கருவிச் சொற்களாக மட்டுமே அவற்றைக் கொள்கிறேன்.) ஆகவே சோதனையின் எழுச்சி ஒரு புதிய உரைநடையின் எழுச்சியும் ஆகும். இலக்கியத் திறனாய்வாளர் இந்நூல்களை அறிவியலார்க்கென ஒதுக்கிவிடுவது முறையன்று.

கலிலியோ 1610இல் இலத்தீனில் வெளியிட்ட விண்மீன் தூது என்னும் சிறுநூலை முதலில் நோக்குவோம். அவ்வாண்டு சனவரி 7ஆம் நாள் வியாழனின் அருகே மூன்று சிறு மீன்களைக் கண்டார். 13ஆம் நாள் நான்காகக் கண்டார். மார்ச்சு 2ஆம் நாள் வரை இரவுதோறும் அவற்றின் நிலையைச் சிறு படங்களாக வரைந்து, மேகம் மறைத்த இரவுகளையும் விடாது குறித்துள்ளார். ஒன்றுமே காணாத இரவை ஓர் ஆசிரியர் எதற்காக எழுத வேண்டும்? கண்ட இரவுகளை நாம் நம்புவதற்காகவே என்க. ஆயினும் அவ்வாண்டு ஏப்பிரலில் பொலோனா நகரில் அறிஞர் பலரைக் கூட்டித் தம் தொலைநோக்கியைக் கண்ணருகே கொடுத்தபோது அவர்கள் தெளிவாக ஒன்றும் கண்டிலர். கெப்ளரோ, தாம் அம்மீன்களைக் காணுமுன்பே, நூலைப் படித்த அளவில் கலிலியோவை ஆதரித்து எழுதினார். தம் கண்ணால் கண்டது பின்னரே. கண்ணைக் கருவியில் வைத்தவர் ஐயுற, நூலைப் படித்தவர் தெளிந்தார் என்னும் இம்முரணைக் கண்ணைத் திறந்த கதையால் விளக்க இயலாது.

அதே கலிலியோ 1638இல் லைடன் நகரில் வெளியிட்ட இரு புதிய அறிவியல்கள் வேறு வகையாகப் பேசுகிறது. சாய்தளத்தில் வெண்கலக் குண்டை உருட்டி, வழிந்து விழும் நீரின் எடையால் காலத்தை அளந்ததை அதில் உரையாடலின் இடையே சொல்லுகிறார். பலகையின் நீளம் உண்டு. பள்ளத்தை வழவழப்பாக்கிய விவரம் உண்டு. நூறு முறை செய்தும் வேறுபாடு காணவில்லை என்ற உறுதியும் உண்டு. ஒரு நாளும் இல்லை. அளந்த ஓர் எண்ணும் இல்லை. பிழைத்த முயற்சி ஒன்றும் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் கொய்ரே என்னும் வரலாற்றறிஞர், இச்சோதனை இவ்வளவு நுட்பமாக நடந்திருக்க முடியாது என்று எண்ணினார். 1961இல் செட்டில் என்பவர் அக்காலக் கருவிகளை ஒத்தவற்றால் அதனைத் திரும்பச் செய்து, கலிலியோ கூறிய நுட்பம் எய்தக்கூடியதே என்று காட்டினார். கலிலியோவின் கையெழுத்துக் குறிப்புகளில் அளவுகள் இருப்பதைத் திரேக்கு என்பார் 1970களில் எடுத்துக் காட்டினார். கொய்ரேயின் ஐயத்திற்கு அவர்தம் மெய்யியற் சார்பே காரணம் என்பர். அந்நூலின் நடையும் ஒரு காரணம் என்பது என் கருத்து. நூறு முறை செய்தேன் என்பவர் ஒரு முறையைக்கூட நம் கண்முன் நிறுத்தவில்லை.

நிறுத்தியவர் இராபர்ட் பாயில். காற்றின் மீள்விசை பற்றி 1660இல் அவர் வெளியிட்ட நூலில் 43 சோதனைகள் உள்ளன. தம் உடன்பிறந்தார் மகனுக்கு எழுதிய திருமுக வடிவில் நூல் அமைந்துள்ளது. பெரிய கண்ணாடிக் குடுவையிலிருந்து காற்றை வெளியேற்றும் பொறியை அவருக்காக ஆக்கியவர் இராபர்ட் ஹூக். என் முதுகலை மாணவர்க்கு இந்நூலின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டியபோது, ‘இதை நான்கு வரியில் கூறலாமே, இத்துணை நீட்டல் எதற்கு?’ என்று ஒருவர் வினவினார். மிகைபடக் கூறல் குற்றம் என்று இலக்கணம் கற்ற மாணவர் வேறு எவ்வாறு கேட்பார்? அந்நீட்டலே அந்நூலின் உயிர். அத்தகைய பொறி அந்நாளில் ஐரோப்பா முழுதும் மிகச் சிலவே இருந்தன. படிப்பவர் எவரும் வீட்டில் செய்து பார்த்தல் இயலாது. ஆகவே குடுவையின் மூடி, அடைத்த மெழுகு, கசிந்த இடம் அனைத்தையும் எழுதி, படிப்பவரை அவ்வறைக்குள் நிற்பவராக்க முயல்கிறார். ஷேப்பின், ஷாஃபர் என்னும் இருவர் 1985இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் இவ்வுத்தியை நன்கு விளக்கியுள்ளது.

17ஆம் சோதனையில், இரசக்குழாயைக் குடுவைக்குள் வைத்துக் காற்றை வெளியேற்றுகிறார். இரசம் இறங்குகிறது, எனினும் கீழுள்ள இரசத்தின் மட்டத்தை முற்றும் எட்டவில்லை. எட்டாத அச்சிறு இடைவெளியை அவர் மறைக்கவில்லை. 31ஆம் சோதனையில், ஒன்றோடொன்று ஒட்டிய இரு பளிங்குத் தகடுகள் காற்று நீங்கியதும் பிரியும் என்று எதிர்பார்த்தார், பிரியவில்லை. அதையும் எழுதி, குடுவையில் எஞ்சிய காற்றே காரணமாகலாம் என்கிறார். ‘ஆகலாம்’, ‘போலும்’ என்னும் ஐயச் சொற்கள் அவர் நடையில் மிகுதி. தோல்வியைச் சொல்லும் வாயிலிருந்து வெற்றியும் வரும்போது அதற்கு எடை கூடுகிறது. இது நேர்மை, ஓர் உரைநடை உத்தியும் ஆகும். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை.

குறையும் கூறுதல் வேண்டும். ஹூக்கின் பெயரைச் சொன்ன பாயில், பொறியை இயக்கிய ஏவலாளரைப் பெரும்பாலும் பெயரின்றியே விடுகிறார். சான்றாக நின்ற பெருமக்கட்குப் பெயர் உண்டு. கை வலிக்க உழைத்தவர்க்கு இல்லை. பொறி கசிகிறது என்றும், அக்கூட்டம் எல்லார்க்கும் திறந்ததன்று என்றும் ஹாப்ஸ் 1661இல் எழுதிய மறுப்பை அறிவியல் வரலாற்றார் நெடுங்காலம் எள்ளி ஒதுக்கினர். இரண்டாவது மறுப்புக்கு இன்றும் விடை எளிதன்று.

அணி வேண்டா என்பது அக்காலக் கொள்கை. இலண்டன் அரச கழகத்தின் வரலாற்றை 1667இல் எழுதிய ஸ்பிராட்டு, கைவினைஞர், உழவர், வணிகர் ஆகியோர் மொழியையே புலவர் மொழிக்கு மேலாகப் போற்றினார். சோதனையை விளக்குமிடத்து அணியைப் புகுத்துதல் தொலைநோக்கியின் கண்ணாடிக்கு வண்ணம் தீட்டுவது போலாகும் என்றார் பாயில். உவமையை விலக்கவும் அவருக்கு ஓர் உவமை வேண்டியிருந்தது! யார் சொல்லையும் கொண்டு துணியேம் என்னும் பொருள்பட அரச கழகம் ஏற்ற முழக்கமும் ஹொரேசு என்னும் இலத்தீன் கவிஞரின் செய்யுளிலிருந்து எடுத்ததே.

கொள்கை ஒருபுறம் இருக்க, ஹூக் 1665இல் வெளியிட்ட நுண்பொருட் காட்சி நூலைப் பார்ப்போர் உவமைகளுக்கிடையே நடப்பர். ஊசிமுனையில் தொடங்குகிறது நூல். கூர்மைக்கே உவமையாக வழங்கும் அம்முனை நுண்ணோக்கியின்கீழ் மழுங்கிக் கரடுமுரடாகத் தெரிகிறது. ஈயின் கண்ணை விளக்குமிடம் இதனினும் சிறந்தது. அது ஓர் ஒளியில் துளையிட்ட சாளரப் பின்னல் போலவும், வெயிலில் பொன்னாணி அடித்த பரப்புப் போலவும், வேறு நிலைகளில் கூர்ங்கோபுரங்கள் போலவும் கூம்புகள் போலவும் தோன்றுகிறது என்கிறார். நான்கு உவமையும் ஒரு பொருளைப் பற்றியவை, ஒன்றோடொன்று பொருந்தாதவை. ஆகவேதான் பல ஒளியில் பல நிலையில் பார்த்து மெய்யுருவம் துணிந்த பின்னரே வரையத் தொடங்கியதாகக் கூறுகிறார். இங்கு உவமை அழகு செய்யவில்லை. காட்சியில் கலந்த திரிபை அளக்கிறது. அணியிலக்கணம் கற்ற நம்மவர் உவமைக்கு இப்படியொரு பயனும் உண்டு என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

டெல்ஃப்ட் நகரத்துத் துணிவணிகர் லீவன்ஹூக் நீரில் நுண்ணுயிர்களைக் கண்டதாக 1676இல் எழுதியபோது அரச கழகத்தார் தயங்கினர். அவர் இலத்தீன் அறியார். டச்சு மொழியிலேயே எழுதினார். தம் நுண்ணோக்கி செய்யும் முறையையும் வெளியிட்டிலர். பாயிலைப் போல் எழுதிக் காட்டும் நடையும் அவர்க்கு வாய்க்கவில்லை. அதனால் 1677இல், கண்டோம் என்று உறுதி கூறும் எண்மரின் சான்றிதழ்களை அனுப்பினார். அவ்வெண்மருள் சமயகுருமாரும் ஆவணம் எழுதுவோரும் இருந்தனர். யார் சொல்லையும் கொள்ளேம் என்ற கழகம் அச்சொற்களைப் பெற்றுக்கொண்டது. ஹூக்கையும் செய்து பார்க்கப் பணித்தது. அவ்வாண்டு நவம்பரில், மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் மிளகு ஊறிய நீரை இட்டு அவர் காட்டியபோதுதான் உறுப்பினர் அவ்வுயிர்களைக் கண்டனர்.