பை உடம்பில் சேர்த்தியா?

'கஞ்சா கேசு போட்டு உள்ள தள்ளிருவேன்' என்ற வாக்கியத்துக்குத் தமிழ் வாசகரிடம் உரை சொல்ல வேண்டியதில்லை. அந்த மிரட்டல் செல்லுபடியாவது லத்தியால் மட்டுமல்ல, ஒரு சட்டப் பிரதியாலும்தான். 1985இன் போதைப்பொருள் சட்டத்தைக் 'கொடுஞ்சட்டம்' என்று ஒரே சொல்லில் தீர்த்துவிட்டு நகர்ந்துவிடுவது நம்மவர் வழக்கம். பிரிவு பிரிவாக வாசித்துப் பார்க்கலாமே என்கிறேன். வாரண்ட் இல்லாமல் சோதனை போடப் போலீசுக்கு உரிமை கொடுத்த அதே சட்டம் அந்த உரிமைக்கு வேலியும் போட்டிருக்கிறது. அந்த வேலி யாரைச் சுற்றி நிற்கிறது என்பதுதான் கேள்வி.

பிரிவு 42 வீட்டைப் பற்றியது. கட்டடம், வாகனம், அடைப்புள்ள இடம் எதிலும் வாரண்ட் இல்லாமல் நுழையலாம். ஆனால் நுழைபவர் கான்ஸ்டபிளுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும், கிடைத்த தகவலை எழுதி வைக்க வேண்டும், அதன் நகல் 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு என்றால், வாரண்டுக்காகக் காத்திருந்தால் சரக்கு மறையும் அல்லது ஆள் தப்புவான் என்று நம்புவதற்கான காரணத்தையும் எழுதியாக வேண்டும். பிரிவு 43 தெருவைப் பற்றியது. பஸ், ஓட்டல், கடை எல்லாம் அதில் அடக்கம். அங்கே 'நம்பக் காரணம்' இருந்தால் போதும், அதை எழுதி வைக்கச் சட்டம் கேட்கவில்லை. பகல் இரவு பேதமும் இல்லை. ஆக, பிளாட்பாரத்தில் குடும்பம் நடத்துகிறவளுக்கு இந்தச் சட்டத்தில் இரவு என்பதே கிடையாது.

இனி உடம்பு. பிரிவு 50இன்படி, ஒருவரின் உடலைச் சோதிக்குமுன், அவர் கேட்டால் மாஜிஸ்திரேட்டிடமோ கெசட்டட் ஆபீசரிடமோ கொண்டுபோக வேண்டும். கேட்கலாம் என்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்? அந்த உரிமை உண்டென்று அவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தண்டனை எவ்வளவு கடுமையோ அவ்வளவு கவனமாகப் பாதுகாப்புகளைப் பின்பற்ற வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் நெறி. ஏறக்குறைய செய்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2010இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கு அதை இன்னும் இறுக்கியது. நல்ல தீர்ப்புகள்தான்.

ஆனால் நடுவில், 2005இல், பவன் குமார் வழக்கு வந்தது. அபின் இருந்தது ஒரு பையில். பை உடம்பில் சேர்த்தியா? உடுத்திய துணியும் செருப்பும் 'ஆள்' என்பதில் அடங்கும், பை அடங்காது என்றது நீதிமன்றம். 2023இல் ரஞ்சன் குமார் சாதா வழக்கிலும் அதே நிலை. பையைத் தோளிலிருந்து இறக்கி வைக்கலாம், உடம்பை இறக்கி வைக்க முடியாது என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. சொல்லுக்குப் பொருள் காண்பதோடு நின்றால் நானும் ஒப்புவேன்.

கஞ்சாவை வைத்து இதைப் பாருங்கள். ஒரு கிலோ வரை சிறு அளவு, ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, பத்தாண்டுக்குக் குறையாத சிறை. பிரிவு 37 ஜாமீன் கதவையும் ஏறக்குறைய அடைத்துவிடும். இருபது கிலோவை எவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பான்? அது மூட்டையாகத்தான் வரும், மூட்டையாகத்தான் 'எடுக்கப்படும்'. ஆக, பிரிவு 50 கஞ்சாவில் துணை நிற்பது பொட்டலக்காரனுக்கு மட்டும். பத்தாண்டு தண்டனை காத்திருக்கும் இடத்தில் அது வந்து நிற்பதே இல்லை. தண்டனை கூடக்கூடக் கவனமும் கூட வேண்டும் என்ற 1999இன் நெறியை 2005இன் சொற்பொருள் வாசிப்பு தலைகீழாக்கிவிட்டது. இந்த முரண்பாட்டை எந்த அகராதியை வைத்தும் மூட முடியாது.

கடத்தல்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று ஒரு தோழர் கேட்டார். இல்லை. மூட்டை தன்னுடையதல்ல என்று சொல்கிறவன் அதை யார் முன்னால் சொல்வது என்றுதான் கேட்கிறேன். சோதனையே சட்டவிரோதமானாலும் அதில் கிடைத்தது சாட்சியமாகும் என்று 1974இலேயே பூரண்மல் வழக்கில், ஒரு வருமான வரிச் சோதனையை ஒட்டி, உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல்தேவ் சிங் அதற்கு ஒரு விலக்குப் போட்டது, ஆனால் பிரிவு 50ஐ மீறிய சோதனைக்குத்தான். பை அந்த விலக்குக்கும் வெளியே. வைத்திருந்தது நிரூபணமானால் பிரிவு 54இன்படி பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். வைத்திருந்தார் என்பதற்கோ பெரும்பாலும் மகஜரும் போலீஸ் சாட்சியும்தான்.

ஊர்விட்டு ஊர் வந்து கட்டட வேலை செய்கிறவருக்கு வீடே அந்தப் பைதான். மாற்றுத் துணி, தட்டு, ரேஷன் கார்டு, மகளின் போட்டோ எல்லாம் அதற்குள். நீதிமன்றத்தின் கண்ணில் அது வீடும் இல்லை, உடம்பும் இல்லை.

அதே சட்டத்தில் பிரிவு 58 என்று ஒன்று இருக்கிறது, யாரும் அதிகம் பேசாதது. தகுந்த சந்தேகமில்லாமல் உள்ளே நுழைந்து சோதித்த, வேண்டுமென்றே தொல்லை கொடுத்து ஆளைப் பிடித்த அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.